காத்திருப்போர் அறையில் பிறந்த சேவை

லண்டன் வால்புரூக் தெருவிலுள்ள புனித ஸ்டீபன் ஆலயம் 1670களில் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த கட்டடம். மனம் நொந்து, சொல்லி அழ ஆளின்றித் தவிப்போருக்காக இன்று பல நாடுகளில் நடக்கும் தொலைபேசிச் சேவைகள் இந்த ஆலயத்தில்தான் வேர்விட்டன. 1953-இல் இதன் பொறுப்பேற்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் சாட் வரா, அவ்வாண்டு நவம்பர் 2 அன்று முதல் அழைப்புக்குச் செவிகொடுத்தார்.

இந்த முயற்சிக்குப் பின்னே ஒரு பழைய துயரம் இருந்தது. 1935-இல் லிங்கன் நகரில் இளம் பாதிரியாராக இருந்தபோது, பதின்பருவச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை வரா நடத்த நேர்ந்தது. மாதவிடாய் தொடங்கியதைக் கொடிய நோய் என்று அஞ்சி, யாரிடமும் கேட்கத் துணியாமல் அவள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அச்சத்தைப் போக்க ஒரே ஒருவரின் பரிவான பேச்சு போதுமாக இருந்திருக்கும். இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி 1961 வரை குற்றமாகவே கருதப்பட்டது. எனவே, சாக வேண்டும் என்ற எண்ணத்தை வாய்விட்டுச் சொல்வதற்கே பலர் பயந்தார்கள்.

1953-இல் தொடங்கிய இந்தச் சேவையைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதியதும் வராவைத் தேடி வருவோர் பெருகினர். உதவிக்கு வந்த தன்னார்வலர்கள், தம் முறைக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அருகில் அமர்ந்தார்கள். ஆலோசனை கூற அவர்களுக்குப் பயிற்சி ஏதும் இல்லை. வந்தவர் பேசினார், இவர்கள் கேட்டார்கள். பேசி முடித்ததும் பலர், பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று மனம் தெளிந்து கிளம்பிவிட்டார்கள். இதைக் கவனித்த வரா, 1954 பிப்ரவரி 2 அன்று செவிகொடுக்கும் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். தம்மைவிட அவர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்று ஒப்புக்கொள்ளும் பெரிய மனது அவருக்கு இருந்தது. இந்த வரலாற்றில் மிக உயர்ந்த செயல் இதுவே எனலாம்.

'சமாரிட்டன்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த அமைப்பின் நெறிகளும் அந்தக் காத்திருப்போர் அறையின் அனுபவத்திலிருந்தே உருவாயின. பேசியது வெளியே போகக் கூடாது. மதம் போதிக்கக் கூடாது. அறிவுரையை அள்ளி வீசக் கூடாது. பாதிரியார் ஒருவர் தொடங்கிய அமைப்பு, வருவோரின் நம்பிக்கையைப் பற்றிக் கேள்வி எழுப்பாமல் இருந்தது அக்காலத்தில் சிறிய விஷயம் அல்ல.

1959-இல் எடின்பரோவில் கிளை திறக்கப்பட்டது. பிற நாடுகளிலும் இதே வழியில் குழுக்கள் தோன்ற, அவற்றை இணைக்கும் பன்னாட்டு அமைப்பு 1974-இல் உருவானது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் 'சினேகா'வைத் தொடங்கினார். தொடங்கியவர் மருத்துவர் என்றாலும், அங்கே அழைப்புகளை ஏற்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. நேரில் வருவோரிடமும் அவர்கள் பேசுகிறார்கள்.