சூரியகாந்தமும் பஞ்சும்

கொழும்பு மாநகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் முதல் வாரத்திலும் செப்தெம்பர் முதல் வாரத்திலும், மருதானை வீதியில் நடப்போரின் நிழல் நண்பகலில் அவர்தம் காலடியிலேயே அடங்கிவிடும். அத்தகைய வெயிலில் ஒரு குவிவு வில்லையைக் கடதாசிக்கு மேலே அசையாது பிடித்தால், முதலிற் புகை எழும், பின்னர்த் தீப்பற்றும். இதனைக் காணும் குழந்தை உடனே வினவும்: "இந்தத் தீ எங்கே இருந்தது? கண்ணாடியிலா, சூரியனிலா?"

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. சூரியகாந்தக் கல்லைப் பஞ்சு சூழ்ந்திருப்பினும் அக்கல் தானாகப் பஞ்சைச் சுடாது. கதிரவன் முன்னிலையிலேயே சுடும் என்பது திருமூலர் திருமந்திரத்தில் எடுத்தாண்ட உவமை. குருவின் முன்னிலையில் உயிரின் மலம் எரிவதை விளக்கவே அவர் அதனைக் கூறினார். பொருள் சமயத்தைச் சார்ந்ததாயினும் உவமை கண்கூடான காட்சியைச் சார்ந்தது. கேட்போர் அறியாத ஒன்றை எவரும் உவமையாக்கார். ஆகவே, பளிங்கினால் தீ மூட்டும் செய்தி அந்நாளில் தமிழ் மக்கள் அறிந்ததே எனலாம்.

கிறித்துவுக்கு முற்பட்ட யாஸ்கரின் நிருக்தமும், பளிங்கைக் காய்ந்த சாணத்துக்கு மேலே தொடாமற் பிடித்துத் தீ உண்டாக்குவதைக் குறிப்பிடுகின்றது. கி.மு. 423 இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அரிசுத்தோபனீசின் 'மேகங்கள்' நாடகத்தில், கடன்பட்ட கிழவன் ஒருவன், தன்மீது தொடுத்த வழக்கை எழுதிய மெழுகை எரிகல்லால் உருக்கிவிடலாமென்று திட்டமிடுகிறான்.

எனினும், காண்பது வேறு. காரணம் அறிவது வேறு. பண்டையோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது வரலாறாகாது. ஒளி எவ்வளவு வளைகின்றது என்பதற்குரிய கணிதத்தை, 984 ஆம் ஆண்டளவில், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதிய இப்னு சஃல் என்ற அறிஞர் கண்டார். அவ்விதியையே 1621 இல் ஒல்லாந்தரான சினெல் மீண்டும் கண்டார். மருதானையில் 1892 இல் தோன்றிய சாகிராக் கல்லூரி போன்ற பாடசாலைகளில் பயிலும் மாணவர், ஒளியியற் பாடத்தில் இந்த அறிஞரின் பெயரையும் அறிந்திருத்தல் தகும்.

கணக்கு எளிது. 6 சென்ரிமீற்றர் விட்டமும் 20 சென்ரிமீற்றர் குவியத் தூரமும் உடைய வில்லை, தன்மீது விழும் வெயில் முழுவதையும் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஒரு வட்டத்திற் சேர்க்கின்றது. அங்கே ஒளியின் செறிவு ஏறத்தாழ ஆயிரம் மடங்காகின்றது. வெண்கடதாசி அவ்வொளியிற் பெரும்பகுதியைத் திருப்பிவிடும்; மை பூசிய கடதாசி உறிஞ்சிக்கொள்ளும். எனவே கரிய இடமே விரைந்து பற்றும். தீ கண்ணாடியிலும் இல்லை. சூரியனிலிருந்து தீயாக இறங்கி வரவுமில்லை. பரந்து வந்த வெயில் ஓரிடத்திற் கூடியதனால், கடதாசி சூடேறிக் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து எரிகின்றது.

அந்த ஒட்சிசனைக் கண்டறிய உதவியதும் இத்தகைய வில்லையே. 1774 ஆம் ஆண்டு ஓகத்து 1 ஆம் நாள், இங்கிலாந்தில் யோசேப்பு பிரீசுத்திலி 12 அங்குல விட்டமுள்ள வில்லையால் செந்நிற இரச ஒட்சைட்டைச் சூடாக்கினார். அதிலிருந்து எழுந்த வாயுவில் மெழுகுதிரி பேரொளியுடன் எரிந்தது. பின்னர் இலவோசியர் அதற்கு ஒட்சிசன் என்று பெயரிட்டார்.

ஆதலால், பிள்ளைக்கு இதனைக் காட்டும் பெரியோர் அதனை வெறும் வேடிக்கையாக முடித்துவிடலாகாது. வாளியில் நீரை அருகே வைத்து, காற்றில்லாத இடத்திற் காட்டுக. வில்லையூடாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கலாகாது என்பதை முதலிற் கூறுக. கடதாசியைச் சுடும் அதே ஒளி கண்ணின் உட்திரையையும் சுடும், அவ்வாறு இழந்த பார்வை மீளாமலும் போகலாம். பிள்ளை வினவும்போது விடையை முந்திக்கொண்டு சொல்லாமல், வில்லையைச் சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கச் செய்க. ஒளிப்புள்ளி விரிந்தால் புகை அடங்குவதையும், குறுகினால் மீண்டும் எழுவதையும் தன் கண்ணாலேயே கண்ட பிள்ளைக்கு, திருமூலர் உவமையும் விளங்கும். இப்னு சஃலின் கணக்கும் விளங்கும்.