கூரை நம்முடையது, தரை யாருடையது? – சேரி மனையின் சட்ட வரலாறு



பஞ்சமி நிலம் பற்றி நம் மேடைகள் நிறையப் பேசியிருக்கின்றன. அது விளைநிலம். குடிசை நின்ற மனையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசியதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியது.

1892-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு ஆணைக்குக் காரணமான அறிக்கையைச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிக்கையில் மனைப் பிரச்சினையும் இருக்கிறது. மிராசு ஊர்களில் சேரி நின்ற இடமும் தங்களுக்கே சொந்தம் என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். மண்ணைப் பிசைந்து சுவர் வைத்தவரும் ஓலை வேய்ந்தவரும் பறையர். தரை மட்டும் ஆண்டையுடையது. கூலி போதாதென்று வேறொருவர் வயலுக்குப் போனால் ‘மனையைக் காலி செய்’ என்று சொல்லிவிடலாம். இந்த வீட்டுக்கு வாடகைச் சீட்டு கிடையாது. வாடகை உழைப்பாகவே கழிந்தது. அடிமை முறையைத் தடுத்து 1843-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் காலடி மண் ஆண்டையிடம் இருக்கும்வரை அந்தச் சட்டத்தால் அவருக்கு அதிக நஷ்டமில்லை.

1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, நிலம் கையகப்படுத்தி மனை கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த மனையின் விலையைக் கூட்டுறவுச் சங்கம் வழியாக, தவணை தவணையாகக் கட்டியவர் பண்ணையாள். தலைமுறைகளாகக் குடியிருந்தவர் கூலியில் மிச்சம் பிடித்து மனை வாங்க வேண்டியிருந்தது. இந்தத் ‘தவணை’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. அது பாதுகாப்பு தந்தது, உரிமை தரவில்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் நடுவே, 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்கு மூன்றாம் ஆண்டில், 1971-இல், குடியிருப்போருக்கே மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சேரும் என்று ஒரு சட்டம் சொல்ல, திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் எண்பது ஆண்டுகள் ஆயின.

புதிய மனைகளுக்காக, நீண்ட நடைமுறையைச் சுருக்கி, 1978-இல் ‘அரிஜன நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம்’ இயற்றப்பட்டது. பெயர் நமக்குப் பிடிக்காததுதான், சட்டம் பயன்பட்டது. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்றது. இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கலாம் என்ற பிரிவை மட்டும் செல்லாது என்றது. நிலத்தை இழப்பவருக்குப் பணம் மொத்தமாகக் கிடைக்க வேண்டும் என்பது நியாயம்தான். அந்த நியாயம் 1920-களில் தவணை கட்டிய பண்ணையாளுக்கு ஏன் தோன்றவில்லை என்று எந்த மன்றமும் கேட்டதில்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் இனிச் செல்லாது என்றது. சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

இன்று நம்மிடம் பட்டா இருக்கிறது. ஆனால் பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதுவே முழு உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இலவச மனை ஒப்படையில் ‘இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது, இத்தனை மாதத்துக்குள் வீடு கட்ட வேண்டும்’ என்று நிபந்தனைகள் இருக்கும். அவற்றைப் படிக்காமல் வெள்ளைத்தாளில் கைமாற்றிவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு. அதைவிடக் கொடுமை, பட்டா கையில் இருந்தும் மனை அளந்து காட்டப்படாத ஊர்கள்.

மாணவர்கள் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். உங்கள் தெருவின் பட்டாக்களைச் சேகரியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் நத்தம் கணக்கையும் புலப்படத்தையும் கேளுங்கள். எந்த எண், யார் பெயர், எத்தனை சதுர மீட்டர், கல் நட்டிருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கல் இல்லாத மனைக்கு அளந்து காட்டக் கோரி வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.