மலையேறிய மனசு

கொடைக்கானல் ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். அந்த ஊரே கிட்டத்தட்ட ஒரு வைத்தியசாலையாகத்தான் பிறந்தது, தெரியுமோ? மதுரைச் சமவெளியில் காய்ச்சலும் காலராவும் உயிர்களை வாரிக்கொண்டு போக, அமெரிக்க மிஷனரிகள் பழநி மலையில் ஏறி, 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். சாலை கிடையாது. நம்மூர்க் கூலிகளின் தோளில் டோலிப் பயணம்! (தூக்கியவர்களின் தோள்வலிக்கு எந்த மலை மருந்தோ?) ஏரியை கலெக்டர் வெர் லெவிஞ் உண்டாக்கியது அப்புறம், 1863-ல்.

குளிர்காற்று பட்டால் உடம்பு மட்டுமல்ல, சோர்ந்த மனசும் தேறிவிடும் என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். நாமும்தான்! வீட்டில் யாராவது மாதக்கணக்கில் பேசாமல் சுருண்டு கிடந்தால், ‘கொடைக்கானலுக்கு நாலு நாள் கூட்டிட்டுப் போங்க, சரியாயிடும்’ என்போம்.

சரி, ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவரைக் கூட்டிப்போனால்? லாட்ஜ் குழாயில் ஐஸாகத் தண்ணீர் கொட்டும். அதிலும் ஐம்பது தடவை கை கழுவுவார். பூட்டிய கதவை அவர் இழுத்து இழுத்துப் பார்த்து முடிப்பதற்குள் குழந்தைகளின் படகு கிளம்பியிருக்கும். செய்வது அர்த்தமில்லாதது என்று பெரும்பாலும் அவருக்கே தெரியும். கொடுமையே அதுதான்! நாள்பட்ட மனச்சோர்வும் கூடவே ஒட்டிக்கொள்வது சகஜம்.

வழி பிறந்தது மலையில் அல்ல, லண்டனில்! 1966-ல் விக்டர் மேயர் என்ற உளவியல் நிபுணர் ஒரு வேலை செய்தார். கழுவிக் கழுவியே ஓய்ந்துபோன ஒரு பெண்ணின் அறையில் குழாயையே அடைத்துவிட்டார். அழுக்கு என்று பயந்ததைத் தொடவைத்தார், கழுவ விடவில்லை. பதற்றம் மெல்ல மெல்லத் தானாகவே அடங்கியது! இன்றைக்கு அந்த முறையோடு மாத்திரைகளும் கைகொடுக்கின்றன. எல்லோருக்கும் முழுசாகக் குணமாவதில்லை. ஆனால், ஐம்பது தடவை பத்தாகக் குறைந்தால்கூட, படகு கிளம்புவதற்குள் அவர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்.