உயிர் காலேஜும் சர்க்கஸ் கூண்டும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்னைக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்தில் வந்து இறங்குவீர்கள். அந்தப் பகுதியில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கில்தான் ஒரு காலத்தில் புலியும் சிங்கமும் கம்பிகளுக்குப் பின்னால் நின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், இந்த மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் அழைத்தனர்.

இரண்டு காலேஜுகளுக்கும் தொடர்பு உண்டு. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் பெருகுவதைக் கண்டார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் பெற்று 1855-இல் அங்கேயே மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். ஓராண்டில் 300-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்தன. சில ஆண்டுகளில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது.

கூண்டுப் புலி ஏன் ஓயாமல் நடக்கிறது?

சிறு கூண்டில் அடைபட்ட புலி இங்குமங்கும் நடந்துகொண்டே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். காட்டில் ஒரு புலியின் எல்லை பல சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இரை தேடவும் எல்லை காக்கவும் அமைந்த உடல் அது. அவ்வேலைக்கு இடமில்லாதபோது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. கட்டிவைத்த யானை தலையை ஆட்டிக்கொண்டே நிற்பதும் இவ்வகையே. நாம் வேடிக்கை என்று எண்ணுவது உண்மையில் துன்பத்தின் அறிகுறியாகும்.

ருக்மிணி தேவியின் முயற்சி

பரதநாட்டியத்தால் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளிக்கவே அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கியது.

இச்சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, எந்தெந்த விலங்குகளைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கலாம். ஆனால் அந்த அறிவிக்கை 1991-இல்தான் வந்தது. ருக்மிணி தேவி 1986-இலேயே காலமாகிவிட்டார்.

சர்க்கஸ் முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். அரசு மறுபரிசீலனை செய்து, 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் தடை செய்தது. இந்திய சர்க்கஸின் தாய்வீடு கேரளத்தின் தலசேரி. வழக்கும் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. எங்கள் பிழைப்பு என்னாவது என்று சர்க்கஸ்காரர்கள் கேட்டனர். கூடாரத்தை நம்பிப் பல குடும்பங்கள் இருந்தமையால் அது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. எனினும், கொடுமையின் மேல் நடக்கும் தொழிலை உரிமையாகக் கோர இயலாது என்று 2000-இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது.

மீட்ட விலங்குகள் எங்கே போயின?

காட்டில் விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூண்டில் பிறந்த சிங்கத்துக்கு வேட்டையாடத் தெரியாது. மனிதரைக் கண்டால் விலகவும் தெரியாது. மேலும், சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆசிய, ஆப்பிரிக்க இனங்களின் கலப்பு. ஆகவே அவற்றை இனப்பெருக்கம் செய்ய விடுவதில்லை.

உயிர் காலேஜ் இடநெருக்கடியால் வண்டலூருக்குப் பெயர்ந்தது. புதிய பூங்கா 1985-இல் திறக்கப்பட்டது. அதை ஒட்டிச் சுமார் 92 ஹெக்டேரில் மீட்பு மையம் அமைந்தது. சர்க்கஸ் சிங்கங்களும் புலிகளும் எஞ்சிய நாள்களைக் கழிக்க அங்கே வந்து சேர்ந்தன. சாட்டை ஓய்ந்தது, காடு மட்டும் அவற்றுக்குக் கிட்டவில்லை.

ஆகவே, அடைத்த பின் மீட்பதைவிட அடைக்காமல் காப்பதே அறிவுடைமை. 2013-இல் மத்திய அரசு டால்பின் காட்சிக் கூடங்களுக்கு அனுமதி கூடாது என்று ஆணையிட்டது இவ்வழியில் நல்லதொரு படியாகும். அடுத்த முறை ஏதேனும் ஒரு விலங்கு வித்தை காட்டக் கண்டால், அதை எப்படிப் பழக்கியிருப்பார்கள் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்.