பரங்கிப்பேட்டை இரும்பாலை

வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், 1830-ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை நிறுவினார். சேலத்து இரும்புக்கல் காவிரி வழியே படகேறி வந்தது; மரக்கரியே எரிபொருள். உருக்கிய இரும்பு இங்கிலாந்துக்கும் சென்றது. நாளடைவில் காடுகள் குறைந்தன, கரி அரிதாயிற்று, நட்டமுற்ற ஆலை 1860-களில் ஓய்ந்தது.

அதன் வரலாற்றை ஆராயுங்கால், ஹீத்தின் பெயரையும் கும்பினியார் ஈந்த கடனையும் ஏடுகளிற் காண்கிறோம். மரம் வெட்டியோர், கல் சுமந்தோர், உலையனலில் நின்றோர் பெயர்களைக் காணோம்!

பெங்களூரில் பின்னி ஆலையிலும் இரயில்வேயிலும் உழைத்த நம் முன்னோர்க்கும் அந்நிலை வரலாமோ? இல்லந்தோறும் ஒரு குறிப்பேடு வைத்து, முதியோர் நினைவுகளை அவர்கள் இருக்கும்போதே எழுதிக் காப்போமாக!