இதய வால்வுச் செயற்பாட்டு மதிப்பீடு
இதய வால்வு தடையின்றித் திறக்கிறதா, கசிவின்றி மூடுகிறதா என்று அளந்தறியும் மருத்துவ, பொறியியல் முறைகளின் தொகுதி. கண்டறியப்படும் குறைகள் இரு வகை: குறுக்கம், பின்னொழுக்கு. இலங்கையிலும் இந்தியாவிலும் இவற்றுக்கு முக்கிய காரணம் வாதக் காய்ச்சல். அது பெரும்பாலும் ஈரிதழ் வால்வைத் தாக்கும்.

முதல் கருவி ஸ்டெதஸ்கோப். முணுமுணுப்பு ஒலி கேட்டால் எக்கோ (மீயொலி) பரிசோதனை செய்யப்படும். அதில் டொப்ளர் முறையில் குருதியின் வேகம் (மீட்டர்/செக்கன்) அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு (மி.மீ. பாதரசம்) கிடைக்கும். பெருந்தமனி வால்வில் வேகம் 4 ஆனால் வேறுபாடு 64; இது கடுமையான குறுக்கம். இலங்கையின் பூண்டுலோயா போன்ற தோட்டப் பகுதி நோயாளர் எக்கோவுக்கு நகர மருத்துவமனைக்கே செல்ல வேண்டியிருப்பதால், ஸ்டெதஸ்கோப்பின் மதிப்பு அங்கு இன்னும் குறையவில்லை.

பழுதான வால்வுக்குப் பதிலாக வைக்கப்படும் செயற்கை வால்வு, உடலில் பொருத்துமுன் ஆய்வுகூடத்தில் சோதிக்கப்படும். நாடித்துடிப்பைப் போலிசெய்யும் கருவியில் ஓட்டமும் கசிவும் அளக்கப்படும். தேய்மானச் சோதனையில் உலோக வகை வால்வு 40 கோடி தடவை திறந்து மூட வேண்டும். இது ஏறத்தாழப் பத்தாண்டுத் துடிப்பு. எடுத்துக்காட்டாக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வின் முதல் மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டன. பொலிஎதிலீன் தட்டுடைய நான்காவதே 1990 டிசம்பரில் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பொருத்திய பின் அடிப்படை எக்கோ பதிவு அவசியம். பிந்தைய அளவுகள் அதனுடனேயே ஒப்பிடப்படும். உலோக வால்வின் நிழல் கசிவை மறைத்தால் உணவுக்குழாய் வழி எக்கோ பயன்படும். உலோக வால்வு பொருத்தியோர் குருதி உறைவைத் தடுக்கும் வார்பரின் மருந்தை உட்கொள்வதால், உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். குருதிச் சோதனை அவர்களுக்கு வாழ்நாள் முழுதும் தொடரும்.