குன்னூர் பாஸ்டர் நிலையம்: நாய்க்கடிக்காக எழுந்த கட்டடம்

குன்னூரில் சிம்ஸ் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பலர். பக்கத்திலேயே உள்ள பாஸ்டர் நிலையத்தின் கதை தெரிந்தவர்கள் சிலரே.

1885ல் பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் இந்தச் சிகிச்சை 1900ல் இமயமலைப் பகுதியிலுள்ள கசௌலியில் தொடங்கியது. ஆனால் சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் பிழைப்பது அரிதினும் அரிது!

1902ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இந்த நோயால் இறந்தார். தென்னிந்தியாவுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடை கைகொடுக்க, 1907 ஏப்ரலில் குன்னூர் நிலையம் செயல்படத் தொடங்கியது.

மலை ஏன்? பாஸ்டர் முறையில் நோய் ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் உலர்த்துவார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் அதற்குக் குளிர்ந்த இடம் தேவை. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலும் 1899லேயே ஓடத் தொடங்கிவிட்டது. திருத்தணியில் ஒருவரை நாய் கடித்தால், அரக்கோணம் போய் ரயில் மாறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பிடித்து வந்துவிடலாம். சிகிச்சை முடியும் வரை பல நாள் தங்கவும் வேண்டும். ஆகவே இது ஆய்வுக்கூடம் மட்டுமல்ல, நோயாளிகள் தேடி வந்த இடமும்கூட.

1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று ஒரு தடுப்பூசி தயாரித்தார். அதைப் புட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்பலாம். நிலைமை தலைகீழானது. நோயாளி மருந்தைத் தேடிப் போனது மாறி, மருந்து நோயாளியைத் தேடிப் போனது. நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' இந்த வகைதான். அதில் நரம்புத் திசு இருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற பாதிப்பு வந்தது. 2004ன் இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது.

இதே குன்னூரில்தான் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து எது நல்ல உணவு என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வகம் 1958ல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

பின்னாளில் குன்னூர் நிலையம் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியையும் தயாரித்தது. 2008 ஜனவரியில், நவீன உற்பத்தித் தர விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று அதன் உற்பத்தி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. கசௌலி நிலையத்துக்கும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்துக்கும் அதே கதி. 2010ல் தடை நீங்கியது. தரத்தில் சமரசம் கூடாது என்பது சரி. ஆனால் பழைய கூடங்களைக் காலத்தோடு புதுப்பிக்காமல் விட்டது யார் குற்றம்?

இன்று நாய் கடித்தால் யாரும் மலையேற வேண்டியதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஊசி கிடைக்கிறது. அந்த வசதிக்குப் பின்னால் ஒரு மலையூரின் நூறாண்டு உழைப்பு இருக்கிறது.